டீச்சரின் வலது கால்

டிரைவிங் ஸ்கூல் டீச்சர் தன் சமையலறையில் நின்றபடி வலது காலைத் தரையில் அழுத்தினால், ஆளில்லாமல் ஓடும் கார் ஊரில் எந்தத் தெருவில் இருந்தாலும் நின்றுவிடும். பழகுபவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே ஊரில் பாதிப் பேரை உயிரோடு வீடு சேர்த்த கால் அது. கம்பெனி இன்ஜினியர்கள் கார்களைக் கழற்றிப் பார்த்தார்கள், பிறகு வந்து காலைப் பார்த்தார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அதுவரை அந்தக் கார்களை யாரும் சீந்தவில்லை. ஸ்டியரிங் தானாகத் திரும்புவதைக் கண்ட சலூன்காரர், வாடிக்கையாளரைப் பாதி மீசையோடு விட்டுவிட்டு வெளியே ஓடி வந்து பார்த்தாரே தவிர, ஏறவில்லை. கால் விஷயம் தெரிந்ததும் எல்லாம் தலைகீழானது. "டீச்சர் வீட்லதானே இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டு ஏறினார்கள். அவர் காய்ச்சலில் படுத்த வாரம் கார்கள் காலியாக ஓடின. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தக் கார்களில் நேரத்துக்குப் போய்ச் சேராதவள் அவருடைய மகள் ஒருத்திதான். சிறுவயதிலிருந்தே வலிப்பு வரும் என்பதால் அவளுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், பெற்ற பெண்ணை மட்டும் எங்கே போனாலும் தானே கொண்டுபோய் விட்டார். ஊரின் மறுகோடியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும் மகள் ஆளில்லாத காரில் தனியாகக் கிளம்பினாள். கார் முதல் திருப்பத்தில் நின்றது. பாலத்தில் நின்றது. பூனைக்கு நின்றது, ஒன்றுமே இல்லாததற்கும் நின்றது. மதியம்தான் போய்ச் சேர்ந்தாள். மறுநாளும் அதே கதை. இனியும் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த நாள் பாலத்தின் நடுவே நின்ற காரிலிருந்து போன் வந்தது.

"அம்மா, கால எடு."

"நடுவழியில உனக்கு ஏதாவது வந்துட்டா?"

"வீட்ல இருந்தாலும்தான் வருது. எனக்கு இந்த வேலை வேணும்மா."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் மேலே மடக்கிக்கொண்டார். வலது கால் சொன்ன பேச்சு கேட்கவில்லை. துடித்துக்கொண்டு தரையைத் தேடி இறங்கியது. வலிப்பு வரும்போது மகளைப் பிடித்துக்கொள்வது போல, அதை இரண்டு கையாலும் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

மறுபடி போன் அடித்தது. "வந்துட்டேம்மா. நேரத்துக்கே வந்துட்டேன்."

டீச்சர் அழுதார். வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக அவர் அழுததில்லை.

மகள் வேலைக்குப் போகும் நேரத்தில் டீச்சரின் கால் தரையில் இருப்பதில்லை என்பது சீக்கிரமே ஊருக்குத் தெரிந்துபோனது. சலூன்காரர் நேரில் வந்து முறையிட்டார்.

"அந்த நேரத்துல நாங்க எத நம்பி ஏறுறது டீச்சர்?"

டீச்சர் காலை மடக்கியபடியே, தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்.

"என் பொண்ணு அதுலதான் போறா. நீங்களும் ஏறுங்க."

சலூன்காரர் வெளியே வந்து, வாசலில் நின்ற ஆளில்லாத காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.