ஏழாம் நம்பரின் தேதி

மணமேல்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு மெஷின்கள். மாலை வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே அவற்றை என் நோட்டில் வரிசையாக எழுதிவிட்டேன். எது எந்த வருடத்தது, எதில் மவுஸ் நகராது, எதில் ‘ழ’ எழுத்துக்கு இரண்டு முறை தட்ட வேண்டும் என்றெல்லாம். யாரும் கேட்கவில்லை. எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தெரிந்ததும் தெரியாதது போல ஆகிவிடும். பகலில் உரக்கடையில் ஸ்டாக் எழுதுகிறேன். அங்கேயும் இதே குணம்தான்.

எங்கள் வகுப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழ் தட்டச்சு பழக நாங்கள் திறக்கும் மென்பொருளின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. புதியதை ஏற்ற இந்த மெஷின்களுக்குத் தெம்பு இல்லை. ஆனால் மெஷினின் தேதியை 2016க்குத் தள்ளி வைத்தால் பழையது ஒன்றும் சொல்லாமல் திறக்கும். பகலில் சென்டரை நடத்தும் ஆத்மநாதன் சார் அதே மெஷின்களில் ஊர்க்காரர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார். அதற்கு இன்றைய தேதி வேண்டும். ஆகவே தினமும் மாலை ஆறு மணிக்கு நாங்கள் பத்து வருடம் பின்னால் போவோம். எட்டு மணிக்கு எல்லாரும் போன பிறகு, பன்னிரண்டு மெஷினையும் இன்றைய தேதிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு நான் கிளம்புவேன்.

“நம்ம சென்டருக்கு வந்தா பத்து வயசு கொறையுது. பியூட்டி பார்லர்னு போர்டு மாத்தலாம் சார்,” என்று எங்களோடு படிக்கும் சார்லஸ் ஒரு நாள் சொன்னான். சார் சிரிக்கவில்லை.

சிலர் தேதியை மாற்ற மறந்து, மென்பொருள் பூட்டிக்கொண்டு, அரை மணி நேரம் வீணாகும். அதனால் நானே ஒரு சீட்டு எழுதினேன். ‘ஒன்று: மெஷினைப் போடவும். இரண்டு: தேதியை 2016க்கு மாற்றவும். மூன்று: இரண்டு நிமிடம் பொறுக்கவும். நான்கு: பிறகே மென்பொருளைத் திறக்கவும்.’ பன்னிரண்டு பிரதி எடுத்து ஒவ்வொரு மானிட்டரின் கீழும் ஒட்டினேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை இப்போது அடித்துவிடலாமா என்று தெரியவில்லை.

அந்தச் சீட்டை வரி தவறாமல் பின்பற்றியவர் சுகுணா அக்கா. முப்பத்து நான்கு வயது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சேரும்வரை கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது. இறால் உரிக்கும் கொட்டகையில் பதினோரு வருடமாக வேலை. ஐஸ் தண்ணீரிலேயே கை கிடந்து, நகத்தைச் சுற்றிப் புண். ஆறுவதற்குள் மறுபடி ஐஸ். அரசு ஆஸ்பத்திரி டாக்டர், இந்த வேலையை விடாவிட்டால் வலது கையில் இரண்டு விரலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லியிருந்தார். அக்கா தட்டச்சு செய்யும்போது அந்த இரண்டு விரலையும் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற எட்டால் அடிப்பார். வகுப்பில் வேகமானவரும் அவர்தான்.

ஜெகதாப்பட்டினம் துறைமுகத்துக்கு அருகே இருக்கும் ஐஸ் கம்பெனியில் பில் போடுகிற சந்தோஷ்குமாருக்குக் கத்தார் விசா வந்திருந்தது. பிப்ரவரி முடிவில் போகிறார். அந்த இடத்தை அக்காவுக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. மார்ச் ஒன்றாம் தேதிக்குள் கம்ப்யூட்டர் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய மைத்துனர் மகள் காத்திருக்கிறாள். எங்கள் தேர்வு பிப்ரவரி 23 முதல் மூன்று நாள், எங்கள் சென்டரிலேயே, ஆன்லைனில். பாஸானால் அன்றைக்கே சான்றிதழை எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் பொருந்தி வந்தது.

பிப்ரவரி 4, புதன்கிழமை. தேர்வு நடத்துகிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தேர்வுக்கான மென்பொருளைப் புதிய பதிப்புக்கு அப்டேட் செய்ய வேண்டும், பழையது இனி வேலை செய்யாது. அன்று மாலை வகுப்பிலேயே சார் ஒவ்வொரு மெஷினாக முயன்றார். பன்னிரண்டிலும் ஒரே பதில்தான் வந்தது. ‘இந்தக் கணினி இப்பதிப்புக்குத் தகுதியற்றது.’ கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். அதை அமுக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. யாரிடமாவது லேப்டாப் இரவல் வாங்கலாமா என்று கேட்டதற்கு, சென்டரின் பெயரில் பதிந்த மெஷின்களில் மட்டுமே எழுத வேண்டும் என்றார்கள். திருச்சி சென்டரில் இடம் நிரம்பிவிட்டது. பன்னிரண்டு புது மெஷினுக்குச் சார் எங்கே போவார். அவர் படியில் உட்கார்ந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நோட்டை எடுத்தேன். ஏழாம் நம்பர் மட்டும் 2018இல் செய்தது, மூடிப்போன ஒரு பைனான்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது. மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நினைவகம். அப்டேட்டுக்குக் கேட்கிற குறைந்தபட்ச அளவும் அதுதான், சரியாக அந்த எல்லைக் கோட்டில் நின்றது. அப்படியிருக்க அது ஏன் மறுத்தது? வியாழன், வெள்ளி இரண்டு மாலையும் முயன்றேன். நாற்பது சதவீதம் வந்து அறுந்துபோனது. சனிக்கிழமை உரக்கடையில் யூரியா மூட்டைகளின் தேதியைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. நாங்கள் முயன்றதெல்லாம் மாலை வகுப்பில். அந்த நேரத்தில் மெஷினுக்கு வருடம் 2016. 2026இல் செய்த அப்டேட்டை அது எப்படி வாங்கிக்கொள்ளும்?

ஞாயிறு மதியம் சாரிடம் சாவி வாங்கிப் போனேன். தேதியைச் சரிசெய்து அப்டேட்டைப் போட்டேன். நான்கு மணி நேரம் ஆனது. கடைசியில் தேர்வு மென்பொருள் திறந்தது. மாதிரித் தேர்வின் முதல் கேள்விகூடத் தெரிந்தது. பதில் எனக்குத் தெரியும். ஆனால் சந்தோஷத்தில் தப்பாக அமுக்கிவிட்டேன்.

ஒரு மெஷின், ஒன்பது பேர், மூன்று நாள். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். அட்டவணை போட்டேன். மற்றவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டு முதல் இடத்தைச் சுகுணா அக்காவுக்குக் கொடுத்தார்கள். பகல் வேலையை விட முடியாது என்பதால் அவருக்கு 23ஆம் தேதி மாலை ஆறரை மணி என்று முடிவானது. அன்றைய நாளின் முதல் தேர்வும் அதுதான். அதுவரை ஏழாம் நம்பரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அதன் மேல் துணி போட்டு மூடிவைத்தேன்.

என் நோட்டில் அந்த நாளுக்கு ஒரு பட்டியல் எழுதியிருந்தேன். பதினான்கு வேலைகள். ஒன்பதாவது, ‘ஏழில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்கவும்.’ எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது, எழுதினேன், ஒன்பதாவதாக எழுதினேன்.

அக்கா ஐந்தே முக்காலுக்கு வந்தார். கொட்டகையில் அரை நாள் விடுப்பு கேட்டு, தலைக்குக் குளித்து, கையில் மஞ்சள் பூசி வந்திருந்தார். துணியை எடுத்து மெஷினைப் போட்டேன். தேதியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பட்டியலில் ஆறாவது வேலைவரை முடித்திருந்தேன். அப்போது கீழேயிருந்து சார் கூப்பிட்டார். ஹால் டிக்கெட்டில் சென்டர் முத்திரை வைக்கவில்லையாம், கொண்டு வரச் சொன்னார். அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு இறங்கினேன். முத்திரை மை காய்ந்திருந்தது. அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, தாளில் நான்கு முறை குத்திப் பார்த்து, ஐந்தாவது முறை பதிந்தது. ஏழு நிமிடம் ஆகியிருக்கும். எட்டாகவும் இருக்கலாம்.

மேலே வந்தபோது அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையைக் கீபோர்டு மேல் விரித்திருந்தார்.

“பிரகதி, இங்கிட்டு வா. நான் எல்லாம் முறைப்படிதான் செஞ்சேன். என்னமோ செகப்பா வருது.”

திரையில் இப்படி இருந்தது: ‘இந்தக் கணினியின் நேரம் மாற்றப்பட்டுள்ளது. முறைகேடு எனக் கருதி இத்தேர்வரின் பதிவு முடக்கப்படுகிறது.’ கீழே அக்காவின் பதிவு எண். அதற்கும் கீழே அந்த ‘சரி’.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நான் வரத் தாமதமாகிறது என்று அவரே தயார் செய்து வைக்க நினைத்திருக்கிறார். தேதியை மாற்றி, இரண்டு நிமிடம் பொறுத்து, பிறகு தேர்வு மென்பொருளைத் திறந்து தன் எண்ணைப் போட்டிருக்கிறார். விரலால் சீட்டைத் தொட்டுக் காட்டினார். என் கையெழுத்து. இரண்டாவது வரியின் கீழ் சிவப்பில் நான் போட்ட கோடு.

சார் மேலே வந்து பார்த்துவிட்டு உதவி எண்ணுக்குப் போன் செய்தார். ஒரு பெண் குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. தேதியை ஏன் பின்னால் தள்ளினீர்கள் என்று கேட்டது. சார் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். காலம் முடிந்த மென்பொருளைத் திறக்கத்தான் ஒவ்வொரு நாளும் அப்படிச் செய்கிறோம் என்று சொன்னால் சென்டரின் அனுமதியும் போகும், மற்ற எட்டுப் பேரின் தேர்வும் போகும். பழக்கத்தில் கை பட்டுவிட்டது என்றார் சார். அது பொய்யும் இல்லை. முடக்கியதை எடுக்க முடியாது, அடுத்த பருவத்துக்குப் புதிதாகப் பதியலாம் என்றது குரல். அடுத்த பருவம் ஆகஸ்டில்.

நான் அக்காவிடம் என் சீட்டுதான் காரணம் என்றேன். முதலிலேயே கிழித்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன் என்று நினைக்கிறேன்.

“விடு புள்ள. எங் கைக்கு அதான் பழக்கம். நீ பழக்குன கைதானே,” என்றார்.

அதில் குறை இருந்ததா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். குரலில் இல்லை. சொற்களில் இருக்கிறது. இரண்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் ஐஸ் கம்பெனி முதலாளியைப் பார்க்கச் சாரே ஜெகதாப்பட்டினம் போனார். ஆறு மாதம் பொறுத்தால் சான்றிதழ் வந்துவிடும், வேலை தெரிந்த ஆள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். முதலாளி மரியாதையாக உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மைத்துனர் மகளிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

மற்ற எட்டுப் பேரும் எழுதினோம். 25ஆம் தேதி கடைசியாக நான். அதே நாற்காலி, அதே மெஷின், சரியான தேதி. சீட்டு கிழித்த இடத்தில் செல்லோடேப்பின் பிசின் மட்டும் இருந்தது. எண்பத்தொன்பது மதிப்பெண். சான்றிதழை நோட்டுக்குள் வைத்தேன். வீட்டில் அம்மா கேட்டபோதுதான் எடுத்துக் காட்டினேன்.

மார்ச் 2, திங்கட்கிழமை. சுகுணா அக்கா வகுப்புக்கு வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை. வலது கையில் இரண்டு விரலையும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. கொட்டகைக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். வேறு எங்கே போவது என்றார். தன் பழைய இடமான மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தார். மெஷினைப் போட்டார். தேதியை மாற்றினார். இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு திறந்து அரை மணி நேரம் நிறுத்தாமல் அடித்தார்.

“வந்து பாரு, பிரகதி. ஒத்தத் தப்பு இருக்கான்னு சொல்லு.”

ஐஸ் கம்பெனி முதலாளிக்கு எழுதிய வேலை விண்ணப்பம். ஆறு மாதமாகப் பயிற்சிக்கு அவர் அடித்ததெல்லாம் இதே விண்ணப்பம்தான். ஒவ்வொரு முறையும் ஒன்றோ இரண்டோ பிழை இருக்கும், நான் வட்டம் போடுவேன். இரண்டு தடவை படித்தேன். இந்த முறை ஒரு பிழையும் இல்லை. மேலே வலது மூலையில் மென்பொருள் தானாகப் போடும் தேதி மட்டும் 02.03.2016 என்று இருந்தது.

இல்லை அக்கா என்றேன்.

அவர் பிரின்ட் கேட்கவில்லை. மூடிவிட்டு, ஏழே கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். ஏறும்போது இடது கையால் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எட்டு மணிக்கு எல்லாரும் போன பிறகு ஒன்றிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் நம்பரில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதன் தேதியையும் முன்னால் கொண்டுவந்தேன். காலையில் சாருக்கு வேண்டும்.