மிசியின் சயாம் பூனைக்கு நான் காவல் இருந்தது

இதில் எழுதுகிற ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் அடுத்த போகத்துக்கு என் வயலில் பதர்தான் விளையட்டும். போன போகமும் பதர்தான். அது வேறு காரணம்.

அன்னபாக்கியம் மிசி எங்கள் குடியேற்றத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவ. அவ பென்சன் எடுத்த வருசம், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரைசாணி தன்னுடைய சயாம் பூனையை அவவிடம் விட்டுவிட்டுப் போனா. உடம்பு பால் நிறம், முகமும் காலும் வாலும் கரிச்சட்டி, கண் நீலம். மிசி அதற்குக் கண்மணி என்று பேர் வைத்தா. கொழும்பில் கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்து வீட்டில் அதே சாதியில் ஆண் இருந்தது. பொங்கல் கழிந்ததும் அதை ரயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை ஊர்க் கடுவன் பூனை எதுவும் கண்மணியை நெருங்கக்கூடாது.

"ஐயாத்துரை அண்ணை, இஞ்சத்தைப் பிள்ளையளெல்லாம் என்ரை கையிலை பிறந்ததுகள். எது எப்பிடிப் பிறந்தாலும் துடைச்சுக் குடுத்தன். இந்த ஒரு பேறு மட்டும் நான் நினைச்ச மாதிரி நடக்கோணும்" என்றா மிசி.

வயற்காவலில் முதுகு வளைந்தவன் நான். ஓம் என்றுவிட்டேன்.

வயலுக்குப் பரண் கட்டுகிறமாதிரியே மிசியின் முற்றத்தில் கண்மணிக்கும் கட்டினேன். பாலைமரக் கால் நாலு. பாம்பு ஏறாமல் காலுக்குத் தகரம். சுற்றிவரக் கொக்கிளாயிலிருந்து எடுப்பித்த மீன்வலை. காட்டுப் பக்கம் இரண்டடுக்கு முள்வேலி, அதில் டின் கட்டிய கயிறு, பக்கத்தில் என் பழஞ்சட்டை போட்ட ஒரு வைக்கோல் வெருளி. பக்கத்து நாகேஸ்வரி வீட்டு வேலியில் இருந்த பொட்டு வழியை மட்டும் அடைக்கவில்லை. உப்புக்கும் நெருப்புக்கும் புகுந்து போய்வருகிற பொட்டு அது. அடைத்தால் அந்த வீட்டோடு கோபம் என்று அர்த்தம்.

அதற்குள்ளால் நாகேஸ்வரி தலையை நீட்டினா.

"என்ன அண்ணை, ராசாத்திக்குக் கோட்டையோ? எங்கடை வரிக் கடுவன் உங்கடை வெள்ளைக்காரியைத் திரும்பியும் பாக்காது. அதுக்குக் கருவாடு இருந்தாலே காணும்."

"பாத்தால் வாலை நறுக்குவன், பிள்ளை."

"முதல்லை நீங்கள் கண்ணைத் திறந்து வைச்சிருங்கோ."

மார்கழி பிறக்கக் கண்மணி கத்தத் தொடங்கியது. சயாம் பூனை கத்தினால் பூனை கத்துகிறமாதிரி இருக்காது. பேறுநோவில் கிடக்கிறவள் புருசனைத் திட்டுகிறமாதிரி இருக்கும். பொழுதுபட்டு மம்மலான நேரம் குளத்துக்கு வந்த தனியன் யானை ஒன்று அதைக் கேட்டு, முன்னங்கால் இரண்டாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றது. மிச்சம் இரண்டு கால் இருந்தபடியால் விழவில்லை. அதற்குப் பிறகு யானை வரவேயில்லை. பன்றியும் வரவில்லை. ஒரு சிறுத்தை மட்டும் வந்து, வேலிப் படலையடியில் மரியாதையாகக் குந்தியிருந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனது. பக்கத்து வயற்காரர் மயில்வாகனம் தன் வயலுக்குப் பூனையை இரவல் கேட்டார். மிசி கொடுக்கவில்லை.

என் பாடுதான் பெரும்பாடு. பகல் முழுக்கப் பரணடியில், காவல்காரன் இருக்கவேண்டியபடி, காட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். மத்தியானம் மிசி கண்மணியை வெயில் காய இறக்கி விடுவா. அது என் முதுகுக்குப் பின்னால் முற்றத்தில் உலாத்தும். அதற்கு முள்ளெடுத்த பாரை மீன், எனக்குப் பழஞ்சோறு. கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிற்று. களைத்துக் களைத்து எனக்கும் வெருளிக்கும் வித்தியாசமில்லாமல் போய், ஒருநாள் மிசி தேத்தண்ணியை அதற்குக் கொடுத்துவிட்டா. அது குடித்துவிட்டது.

பொங்கல் கழிய, கொழும்பு மாப்பிள்ளை பிரம்புக் கூடையில் வந்து இறங்கினார். கண்மணி ஓங்கி ஒரு அறை விட்டது. அவர் திரும்பக் கூடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

"பிரயாணக் களைப்பு" என்றா மிசி. அவவின் முகமும் சோர்ந்துதான் கிடந்தது. "அண்ணை, உள்ளுக்கு ஒண்டும் வரேல்லைத்தானே?"

"மிசி, யானை வரேல்லை. சிறுத்தை படலை தாண்டேல்லை. காட்டுப் பக்கத்தாலை ஒரு எறும்பும் வரேல்லை."

மிசி நம்பினா. பழைய வெள்ளைச் சேலை ஒன்றைக் கிழித்து, அவித்துக் காயவைத்து, பனையோலைக் கடகத்தில் வரப்போகிற குட்டிகளுக்கு மெத்தையாக விரித்தா. எனக்குப் பெருமையாக இருந்தது. அதைக் காட்டத்தான் உடம்பில் தெம்பில்லை.

மாசி பிறந்த கையோடு கண்மணி நாலு குட்டி போட்டது. நாலும் வரிக்குட்டி, நாகேஸ்வரியின் கடுவனை உரித்து வைத்தமாதிரி.