முழங்கையைத் தூக்கு, மெரெடித்

அந்தப் பள்ளியில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஆசிரியை உன்னைத் திருத்திக்கொண்டே இருந்தால் நீ பிழைத்தாய். திருத்துவதை நிறுத்திவிட்டால் பெட்டியைக் கட்டத் தொடங்கலாம். தேறாத ஒருத்திக்காக எந்த பாலே ஆசிரியையும் தொண்டைத் தண்ணீரை வற்றவிடமாட்டாள். பதினோரு வயதில் வந்து சேரும் குழந்தைகள்கூட முதல் மாதத்திலேயே இதைப் புரிந்துகொண்டுவிடும். பெற்றவர்களுக்குத்தான் கடைசிவரை புரியாது.

மெரெடித்துக்குப் பதினாறு வயது. கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீனுக்குப் புகைபோடும் கூடத்தில் வேலை பார்க்கும் மனிதரின் ஒரே மகள். ஐந்து வருடமாக விடுதி வாசம். அவள் வகுப்பில் பதினான்கு பெண்கள். இந்தக் கோடைப் பருவம் முடிந்ததும் அவர்களில் ஆறு பேருக்கு மட்டும் லண்டனில் இருக்கும் மேல்பள்ளியில் இடம். அங்கே போனால் நடனக் குழு, மேடை, பிழைப்பு எல்லாம் உண்டு. போகாவிட்டால் ஐந்து வருடம் கால் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். யார் அந்த ஆறு பேர் என்பது ஆண்டு விழா முடிந்த பிறகுதான் கடிதத்தில் வரும். முன்னாலேயே சொன்னால் அழுத முகத்தோடு ஆடுவார்களாம். விழாவுக்கு வந்து நன்கொடை கொடுப்பவர்களுக்கு அது பிடிக்காதாம்.

கோடைப் பருவம் பிறந்தாலே பள்ளிக்குப் பேய் பிடித்துவிடும். காலையில் அரசுத் தேர்வு, மதியம் வகுப்பு, அதன் பிறகு இருட்டும்வரை ஒத்திகை. நடுவில் கால்களைப் பிசைந்துவிடும் வைத்தியர் அறை வாசலில் வரிசை. வேதியியல் சமன்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஷூவுக்கு நாடா தைப்பார்கள். ஒருத்தி மேசைக்கு அடியில் இரண்டு பாதங்களிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு சரித்திரத் தேர்வு எழுதினாள். யாரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை.

இந்த அமளியிலும் ஆசிரியை மிஸ் ஹால்ஸ்டெட்டின் கண் மெரெடித்தை விட்டு அகலவில்லை. "முழங்கையைத் தூக்கு, மெரெடித்!" "கழுத்து எங்க போச்சு, மெரெடித்?" "அது காலா, விளக்குமாறா?" ஆண்டு விழாவில் நடுவில் ஆடும் பெண் அவள்தான். திட்டு விழ விழ மெரெடித்துக்கு உள்ளே குளிர்ந்தது. பக்கத்தில் பயிற்சிக் கம்பியைப் பிடித்து நிற்கும் புரோன்வின்னை ஈஸ்டருக்குப் பிறகு மிஸ் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

"என் கதை முடிஞ்சுதுடி," என்றாள் புரோன்வின், சாப்பாட்டு மேசையில் அவித்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டே. "நேத்து வேணும்னே காலைக் கோணலா வச்சேன். அந்தம்மா ஜன்னலைப் பாக்கறாங்க. நான் கார்டிஃப்ல ஒரு காலேஜுக்கு எழுதிப் போட்டுட்டேன். உனக்கென்ன, மகாராணி."

"போடி. கடிதம் வரட்டும்."

"கடிதமா? ஒரு மணி நேரத்துல பதினேழு தடவை உன் பேரைக் கத்துனாங்க. நான் எண்ணினேன். இதைவிடக் கடிதம் வேணுமா?"

ஏப்ரலிலேயே பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரத்து பாலே பள்ளி ஒன்று மெரெடித்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. மே பத்தாம் தேதிக்குள் பதில் வேண்டும் என்றார்கள். ஒன்பதாம் தேதி அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"கையில இருக்கறதை விடாதம்மா," என்றார் அப்பா.

"உங்களுக்குப் புரியாதுப்பா. மிஸ் என்னை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திட்டறாங்க தெரியுமா?"

"திட்டு வாங்கறதுல என்னம்மா பெருமை? எங்க மேஸ்திரிகூடத்தான் என்னைத் திட்டறான். சம்பளமா ஏத்திட்டான்?"

மெரெடித் சிரித்துவிட்டாள். மறுநாள் மிஸ்ஸிடம் போய், ஆண்ட்வெர்ப் வேண்டாம் என்று எழுதிவிட்டதாகச் சொன்னாள். மிஸ் ஹால்ஸ்டெட் சற்று நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, "இடது தோள் ஏறியிருக்கு, இறக்கு," என்றாள். மெரெடித் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஆடை அறைக்குப் போனாள், இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தைக்க. ஆடைகளைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்காட் அம்மாள் அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். வாயில் குண்டூசிகளோடே பேசுவாள். சுவரில் மேல்பள்ளியின் கருஞ்சிவப்பு உடுப்பு ஒன்று மாதிரிக்குத் தொங்கியது.

"டேப் கையிலதானே இருக்கு? அதுக்கும் என் அளவை எடுத்துடுங்களேன்," என்றாள் மெரெடித், பாதி விளையாட்டாக.

"அதுக்கெல்லாம் அளவு போயாச்சு கண்ணு. இப்பக் குடுத்தா செப்டம்பர்ல வருமா? எல்லாரோட அளவும் என் நோட்டுலதான் இருந்துச்சு. ஆறு பேரோடதை மட்டும் எடுத்து அனுப்பச் சொன்னாங்க. உன் பேரு அதுல இல்லையே." பிறகுதான் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். "உங்ககிட்ட எப்பவோ சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேனே செல்லம்."

"எப்ப அனுப்பினீங்க?"

"மார்ச் கடைசில."

மெரெடித் பாதி ஊசி குத்திய பாவாடையோடே மிஸ் ஹால்ஸ்டெட்டின் அறைக்குப் போனாள். மிஸ் இசைத்தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அந்த ஆறு பேர்ல இல்லையா மிஸ்?"

மிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள். பொய் சொல்லவில்லை, அதை மட்டும் அவள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். "மார்ச்லயே முடிவாயிடுச்சு. உன் பாதத்துல வளைவு பத்தாதுன்னாங்க. நான் வாதாடிப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் என்னைத் திருத்திக்கிட்டே இருந்தீங்க?"

"சனிக்கிழமை நடுவுல நீதானே ஆடப்போற."

"ஆண்ட்வெர்ப் வேண்டாம்னு இதே இடத்துல நின்னு சொன்னேனே. அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்ல மெரெடித்."

"முழங்கையைத் தூக்குன்னு சொல்ல மட்டும் அனுமதி இருந்துச்சா?"

மிஸ் மறுபடியும் பென்சிலை எடுத்தாள். "புரோன்வின்கிட்ட வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க. அவ வேற இடம் பாத்துப் பொழைச்சா," என்றாள் மெரெடித். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுகை வந்துவிட்டது. அன்று மாலையே ஆண்ட்வெர்ப்புக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டாள். இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் முயலுங்கள் என்று மறுநாள் இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது.

அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. புரோன்வின்னிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான். ஆட்டத்தின் முடிவில் மேடையின் மூலையிலிருந்து மூலைக்கு ஒன்பது சுற்றுச் சுழன்று வந்து, ஒற்றைக் கால் நுனியில் அசையாமல் நிற்க வேண்டும். அங்கே விழப்போகிறாள். பள்ளி இயக்குநர், நன்கொடைக்காரர்கள், மேல்பள்ளிக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் தடாலென்று விழ வேண்டும். ஓரத்தில் திரைக்குப் பின்னால் நிற்கும் மிஸ்ஸின் முகத்தைத் தரையில் கிடந்தபடியே பார்க்க வேண்டும். அந்த முகத்துக்காக எலும்பு முறிந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

சனிக்கிழமை பகல் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. அப்பா மூன்றாவது வரிசையில், கல்யாணத்துக்குப் போட்ட கோட்டில், மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிவை நெருங்கியது. மெரெடித் மூலைக்குப் போய் நின்றாள். இசை எழுந்தது. சுழலத் தொடங்கினாள்.

ஆறாவது சுற்றில் ஓரத்திலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. "முழங்கை!" பழக்கம் மிஸ்ஸையும் விடவில்லை. மெரெடித்தின் கை, அவளைக் கேட்காமலே, தானாக உயர்ந்தது. ஏழு. எட்டு. இப்போது, என்று தன் கணுக்காலுக்குச் சொன்னாள், இப்போது மடங்கு. ஒன்பது.

கால் மடங்கவில்லை. ஐந்து வருடமாகக் காலையும் மாலையும் அடித்துப் பழக்கிய கால். நுனியில் ஏறி நின்றது, ஆடவில்லை, அசையவில்லை. முதுகு நிமிர்ந்தது, கழுத்து நீண்டது, உதட்டில் புன்னகைகூட வந்து உட்கார்ந்தது. அவள் உடம்பில் அவள் பக்கம் இருந்தது எதுவுமே இல்லை. இரண்டு எண்ணிக்கை நிற்க வேண்டிய இடத்தில் நான்கு நின்றாள். அப்படி அவள் ஒத்திகையில் ஒரு நாளும் நின்றதில்லை.

அரங்கம் எழுந்துவிட்டது. இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரத்தில் மிஸ் ஹால்ஸ்டெட் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்றாவது வரிசையில் அப்பா, பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத சீமாட்டியின் தோளை உலுக்கி, "என் பொண்ணு! லண்டன் போகப்போறா!" என்று கத்தினார்.

மெரெடித் ஒரு காலைப் பின்னுக்கு இழுத்து, தலை தாழ்த்தி வணங்கினாள். அதுவும் சரியாகவே வந்தது.