பனங்கட்டியின் பெரிய பாதி

இந்த மனிசன் இவ்வளவு நல்லவராக மாறாமல் இருந்திருக்கலாம்.

விதை வெங்காயத்தின் தாளை நறுக்கிக்கொண்டிருந்த தக்சாயினிக்கு அப்படித்தான் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் நினைக்கவும் அலுப்பாக இருந்தது.

கணவர் பிரகலாதன் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். பனங்கட்டியை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினார். வன்னியிலிருந்து அச்சுவேலிக்குத் திரும்பி வந்த நாள் தொடங்கி இதுதான் வழக்கம். அதற்கு முன்னர், தேத்தண்ணி ஆறிவிட்டதென்று பேணியோடு அவள் மேல் எறிந்தவர். அந்த நாட்களில் பெரிய பாதி மகள் தாரிகாவுக்கு. உள்ளங்கையை விரித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பாள். ஆறு வயது. வன்னியில் அவர்கள் பதுங்கியிருந்த பங்கரின் வாசலில் விழுந்த ஷெல் அவளைக் கொண்டுபோனது. அதன் பிறகு இவர் சாராயம் குடிக்கவில்லை. மனைவி மேல் கை நீட்டவில்லை.

படலையைத் தள்ளிக்கொண்டு மாதர் சங்கத் தலைவி குணலட்சுமி வந்தாள்.

"தக்சா, சனிக்கிழமை மருதனார்மடத்திலை கூட்டம். கலியாணம் கட்டப்போற பிள்ளையளுக்கு நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கவேணும்."

"எங்களை விட்டால் ஆளில்லையோ அக்கா?"

"மனிசிக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிற ஆம்பிளை இந்த ஒழுங்கையிலை இவர் ஒராள்தானே! என்ரை ஆளுக்கு அடுப்பு எந்தப் பக்கம் எண்டே தெரியாது."

பிரகலாதன் கூச்சத்தோடு சிரித்தார். "நாங்கள் வாறம்" என்றார்.

அவள் போனதும் சட்டைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். எழுதியே வைத்திருந்தார்.

"அந்த ஷெல் விழாட்டி நான் மனிசனாயிருக்க மாட்டன் எண்டு நான் முடிப்பன். உடனை நீர் எழும்பி, இப்ப நான் இவரோடை சந்தோசமாய் இருக்கிறன் எண்டு சொல்லும். அவ்வளவுதான்."

"அதை நான் சொல்லேலாது."

"ஏன், பொய்யே?"

"பொய்யெண்டால் சொல்லிப்போடுவன்."

அவர் கடதாசியை மடித்தார். மடித்ததை மறுபடியும் மடித்தார். "நீர் ஒருநாளும் எனக்கு அதைச் சொன்னதில்லை. சனத்துக்கு முன்னாலை எண்டாலும் சொல்லுவீர் எண்டு நினைச்சன்."

உண்மைதான், சொன்னதில்லை. ஆனால் இவருடைய காலடிச் சத்தம் கேட்டு அவள் நடுங்கிய காலம் போய்விட்டது. போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது கால் பிடித்துவிட்டவரைப் பார்த்து, இது போதும் என்றுகூட நினைத்தாள். நினைத்த உடனே குழந்தையின் விரிந்த கை கண்ணில் வந்து நின்றது. இவர் சொல்லும் வசனத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் வைத்தால், தாரிகா போனதால்தான் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று ஆகிவிடும். இவருக்கு அது விளங்கவில்லை. விளங்கப்படுத்த அவளிடம் தெம்பும் இல்லை.

"உங்களிலை எனக்கொரு குறையும் இல்லை" என்றாள்.

"அப்ப அதையே அங்கை வந்து சொல்லுமன். எனக்காக ஒருக்கா."

பனங்கட்டி அவள் கையில் பிசுபிசுத்தது. அதைத் தேத்தண்ணிப் பேணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"நான் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ."