ஆறு கிலோ தாங்கும் துணி

தம்பி முதலில் கொண்டுவந்தது துணியை அல்ல, பிளானை.

அவன் வீட்டிலிருந்தபடியே கணினியில் கட்டடங்களுக்குப் பிளான் போடுகிறவன். ஆகவே குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பைக்கும் ஒரு பிளான் போட்டிருந்தான். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் எப்படி, குறுக்கே வெட்டினால் எப்படி என்று மூன்று தாள்கள். நடுவில் ஒரு வட்டம். அதற்குள் வேறு எதையாவது வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் 'குழந்தை' என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருந்தான்.

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு மூன்று தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொழிற்சாலை ஆட்களுக்கு யூனிபார்ம் தைப்பதால் தெருவில் அவளுக்கு யூனிபார்ம் அக்கா என்று பெயர். பதினெட்டு வருஷத்தில் ஒருவர்கூடத் தன் கால்சட்டைக்குக் குறுக்குவெட்டுப் படம் கொடுத்ததில்லை.

"தையலுக்குத் துணி எங்கடா விட்டிருக்கே?"

"எதுக்கு விடணும்?"

"ரெண்டு துண்டையும் எதை வெச்சுடா சேர்ப்பேன்? சிமெண்ட் பூசியா?"

தம்பி ஒரு தாளை வாங்கி, பென்சிலால் அரை அங்குலம் தள்ளி இன்னொரு கோடு போட்டான். போட்ட பிறகு 'குழந்தை' பழைய அளவிலேயே இருந்ததைப் பார்த்து, அந்த வட்டத்தையும் பெரிதாக்கினான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வரும் திங்கட்கிழமை தம்பியின் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலைக்குத் திரும்பவேண்டும். குழந்தைக்கு நாலு மாதம், ஆறு கிலோ. மெத்தையில் போட்டால் அழுவாள், மடியில் போட்டால் முறைப்பாள், ஒருவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு அவர் நடந்துகொண்டே இருந்தால் மட்டும் தூங்குவாள். தம்பிக்கோ வேலை செய்ய இரண்டு கையும் வேண்டும். கடையில் வாங்கிய பை ஒன்று இருந்தது. அதன் உள்துணி நைலான். இரண்டே நாளில் குழந்தையின் கன்னமும் கழுத்தும் வேர்க்குரு போட்டுச் சிவந்துவிட்டன.

இந்தச் செய்தி தம்பியின் மாமியாருக்கு எட்டியது. ஆறு மணி நேரப் பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கிற அந்த அம்மா, போனில் மிகவும் அன்பாகப் பேசினார். "உங்களால முடியலைன்னா ஒண்ணும் தப்பில்லை மாப்பிள்ளை. ஒரு வயசு ஆகுற வரைக்கும் இங்க இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். சரிப்பட்டு வராதுன்னா நாலரை மணி பஸ்ல கூட்டிட்டு வந்துடறேன்."

தம்பியின் மனைவி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழந்தையின் சின்னச் சட்டைகளை எடுத்து மடித்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவற்றையே பிரித்து மறுபடி மடித்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் தம்பி அக்காவிடம் ஓடிவந்தான்.

"துணி நானே வாங்கிட்டு வரேன்க்கா. நீ தைச்சா மட்டும் போதும்."

அக்கா செய்த ஒரே தவறு, அப்போது மெஷினில் கவனமாக இருந்ததால், "ம்" என்று சொன்னது.

புதன்கிழமை வந்த துணியில் கரடிகள் இருந்தன. வழவழவென்று, தொட்டால் கையிலிருந்து நழுவி ஓடுகிற கரடிகள். அக்கா ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, தட்டில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினாள். நூல் எரியவில்லை. சுருண்டு, உருகி, கறுப்பு மிளகு மாதிரி தட்டில் ஒட்டிக்கொண்டது.

"பருத்தின்னா காகிதம் எரிஞ்ச வாசனை வரும், சாம்பல் ஆகும். இதைப் பாரு. இது துணி இல்லடா, பிளாஸ்டிக் வாளி. நைலான் பை வேண்டாம்னுட்டு அதோட தங்கச்சியைக் கூட்டிட்டு வந்திருக்கே."

"கடைக்காரர் குழந்தைங்க துணின்னுதான் சொன்னார்."

"கரடி படம் போட்டா குழந்தைங்க துணி. பூ படம் போட்டிருந்தா தோட்டக்காரன் துணியா?"

வியாழக்கிழமை அவன் மென்மையைத் தேடிப் போனான். பனியன் துணி. தொட்டால் வெண்ணெய். அக்காவுக்கே ஒரு கணம் அதில் முகத்தை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பேசாமல் அதைப் பை மாதிரி முடிச்சுப் போட்டு, ஆறு கிலோ சர்க்கரையை உள்ளே வைத்து, கதவுக் கொக்கியில் மாட்டினாள். தம்பி அதன் அடியில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். அந்த மாதிரி வேலையெல்லாம் சொல்லாமலே செய்வான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

"காலைல நெஞ்சுல கட்டினா, சாயங்காலம் உன் முழங்கால்ல இருப்பா உன் பொண்ணு."

"அப்ப இழுபடாத துணியா வேணும்?"

"இதைத்தான் நேத்தே சொன்னேன்."

"நேத்து நீ எரியற துணின்னு சொன்னே."

சுவரில் போட்ட கோட்டை அழிக்கச் சொன்னாள். அவன் அழித்தான், சுண்ணாம்போடு சேர்த்து.

அன்று மாலையே மூன்றாவது வந்தது. கெட்டியான, கொஞ்சமும் இழுபடாத, பருத்தியேதான் என்று அவன் தீக்குச்சி வைத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்ட துணி. கடையிலேயே கொளுத்தியிருக்கிறான். அங்கே கொஞ்சம் சத்தம் போட்டார்களாம். அக்கா பின்பக்கத்தைத் திருப்பினாள். வெயில் படாமல் இருக்கப் பின்னால் ரப்பர் பூசிய திரைச்சீலைத் துணி.

"வெளிச்சமே உள்ள போகாதுக்கா. நல்லா தூங்குவா."

"காத்தும் போகாதுடா!"

அவள் கத்தியதில் பக்கத்து அறையில் துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவள் கணவர் எழுந்து கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் கற்ற தொழில் அது.

அக்கா எழுந்தாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சுருளை இழுத்து மேசையில் போட்டாள். சாம்பல் நிற காட்டன் டிரில். மெக்கானிக்குகளுக்குத் தைக்கிற துணி. கார் அடியில் படுத்துப் புரண்டாலும் கிழியாது, வியர்வையை வாங்கும், நூறு தடவை துவைத்தாலும் சாயம் போகாது.

"என் பொண்ணை மெக்கானிக் ஆக்கப் போறியா?"

"நாலு மாசத்துல ஒரு வேலை கிடைச்சா கசக்குதா? உள்பக்கம் மெல்லிசா மல் துணி வெச்சுத் தைக்கிறேன். கன்னம் படற இடம் பஞ்சு மாதிரி இருக்கும். இனிமே நீ எந்தக் கடைப் பக்கமும் போகக் கூடாது."

"சரி, வெட்டு."

"ஊறப்போடணும்."

"தைச்சப்புறம் துவைச்சுக்கலாமே?"

"தைச்சப்புறம் துவைச்சா, டிரில் சுருங்கும், மல் வேற கணக்குல சுருங்கும், பட்டை சுருங்காது. உன் பொண்ணு மூட்டை மாதிரி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிப்பா. முதல்ல துணி குளிக்கட்டும்."

அவன் நம்பவில்லை. ஊறப்போடுவதற்கு முன் ஒரு மீட்டரைத் துல்லியமாக அளந்து இரண்டு முனையிலும் நூலால் அடையாளம் வைத்தான். வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு தடவை அலசிக் காயவைத்த துணியை அளந்தபோது நாலு சென்டிமீட்டரைக் காணவில்லை.

"எங்கக்கா போச்சு?"

"எங்கயும் போகலை. கடையில நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னுச்சு. இப்பதான் மூச்சு விட்டிருக்கு."

அவன் பிளானை எடுத்து எல்லா அளவையும் திருத்த ஆரம்பித்தான். அவள் அந்தத் தாள்களைப் பிடுங்கி, பின்பக்கத்தில் தன் கணக்குக்கு வெட்டுவதற்கான வடிவத்தை வரைந்து கத்தரித்துக்கொண்டாள். அவை அதுவரை செய்ததில் அதுவே உருப்படியான வேலை.

சனிக்கிழமை முழுக்கத் தையல். தோள்பட்டை சேரும் இடத்தில் டிரில் நாலு மடிப்பு. பதினெட்டாம் நம்பர் ஊசி இரண்டு ஒடிந்தன. பட்டை சேரும் ஒவ்வொரு இடத்திலும் பெட்டி மாதிரி சுற்றித் தைத்து, நடுவில் குறுக்குக் குறுக்காகப் பெருக்கல் குறி போட்டாள். பழைய பையிலிருந்து பட்டைகளையும் கொக்கிகளையும் பிரித்து எடுத்துக்கொண்டாள். தம்பி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நூல்கண்டின் அட்டையைப் படித்துக் கண்டுபிடித்துவிட்டான்.

"பாலியஸ்டர்னு போட்டிருக்கு! கூடாதுன்னியே?"

"நூலு அவ கன்னத்துல படாது. பருத்தி நூல் போட்டா வியர்வையில நைஞ்சு, ஒருநாள் நடுவீட்டுல கையை விட்டுடும். எழுந்து போடா. போய்க் குழந்தையைப் பாரு."

"அவளை அவ அம்மா பாத்துக்கறா. நாளைக்கு அப்புறம் பாக்க முடியுமோ என்னமோன்னு கீழயே விட மாட்டேங்கறா."

அதைக் கேட்ட அக்கா, தைத்த பெருக்கல் குறியின் மேல் இன்னொரு வரிசை ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. பதினொரு மணிக்குத் தம்பியின் மாமியார், அக்காவுக்குச் சம்பந்தியம்மா, வந்து இறங்கினார். தபால் அலுவலகத்தில் பார்சல் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எந்தத் தையல் எந்த ஊரில் பிரியும் என்று சொல்லக்கூடியவர் என்று பேர். கையில் காலிப் பை ஒன்று வைத்திருந்தார். குழந்தையின் துணிகளுக்கு.

சாப்பாடு முடிந்ததும், "கொண்டாம்மா அதை" என்றார்.

அக்கா கொடுத்தாள். சம்பந்தியம்மா பையை உள்ளும் புறமும் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். ஒரு பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இரண்டு கையாலும் இழுத்தார். தம்பி மூச்சைப் பிடித்தான். தையல் 'இம்' என்றுகூடச் சொல்லவில்லை. சம்பந்தியம்மாவின் முகத்தில் ஏமாற்றம் மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது.

"கலர் சகிக்கலை."

"அழுக்குத் தெரியாது அத்தை" என்றாள் அக்கா.

"அழுக்கு இருக்கறதே தெரியாதே, அதைச் சொல்லு. சரி, தையல் இருக்கட்டும். குழந்தை வழுக்கும். நான் காட்டறேன் பாரு."

பையைத் தானே இடுப்பில் கட்டி, பட்டைகளைத் தன் உயரத்துக்கு இறுக்கி, மகளின் கையிலிருந்து குழந்தையை வாங்கி உள்ளே உட்காரவைத்தார். ஒரு மணியிலிருந்து அழுதுகொண்டிருந்த குழந்தை. முட்டி இரண்டும் விரிந்து நன்றாக உட்கார்ந்தது. மூக்கு மூடவில்லை, முகம் தெரிந்தது. சம்பந்தியம்மா முன்னால் குனிந்தார். வழுக்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தார். வழுக்கவில்லை. வழுக்கவைத்தே தீருவது என்று கூடத்தை இரண்டு சுற்று நடந்தார். மூன்றாவது சுற்றில் அழுகை நின்றது. நான்காவதில் குழந்தை மல் துணியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு தூங்கிவிட்டது.

மணி இரண்டரை.

"தூங்கிட்டா" என்றான் தம்பி, மிகவும் மெதுவாக.

"தெரியுது மாப்பிள்ளை."

சம்பந்தியம்மா நாற்காலியில் உட்காரப் போனார். பாதி உட்காரும்போதே குழந்தை 'ங்கே' என்றது. எழுந்தார். நடந்தார். கொக்கியைக் கழற்ற அக்கா கையை நீட்டினாள்.

"தொடாதே! முழிச்சுக்கும்."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். ஐந்து நாள் முட்டிமோதித் தைத்த பையைத் தொடக் கூடாது என்று தன் கூடத்திலேயே தன்னிடம் சொல்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தாள்.

மூன்று மணிக்கு டீ வந்தது. சூடான எதையும் குழந்தை தலைக்கு மேலே கொண்டுவரக் கூடாது என்று சம்பந்தியம்மாவே உத்தரவு போட்டார். அவருடைய டீ மேசையில் ஆடை கட்டியது. மூன்றரைக்கு, "இந்த வீட்டுல நடக்கவே இடமில்லை" என்றார். நாலு மணிக்கு ஜன்னல் பக்கம் வரும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தம்பி மடிக்கணினியைத் திறந்து, ஒருவரும் கேட்காமலே, ஒரு மாடிப்படியின் பிளானை முடித்தான். இரண்டு கையாலும்.

நாலே காலுக்குத் தம்பியின் மனைவி எழுந்தாள். மேசையில் அவள் மடித்துக் கொண்டுவந்திருந்த குட்டிச் சட்டைகள் இருந்தன. காலிப் பை பக்கத்தில் இருந்தது.

"அம்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. இதெல்லாம் எடுத்து வைக்கவா, வேண்டாமா? ஏதாவது ஒண்ணு சொல்லு. அஞ்சு நாளா மடிச்சு மடிச்சு என் கை வலிக்குது."

சம்பந்தியம்மா நடந்தார். ஜன்னலுக்குப் போனார், கதவுக்கு வந்தார். எல்லோரும் அவரோடு சேர்ந்து தலையைத் திருப்பினார்கள்.

"இதை அங்க கூட்டிட்டுப் போனா யார் நடக்கறது?" என்றார் கடைசியில். "உங்கப்பா நடப்பாரா? அவரு பேப்பர் எடுக்க வாசல் வரைக்கும் போறதுக்கே என்னைக் கூப்பிடுவாரு. தினம் எட்டு மணி நேரம் நான் இப்படிச் சுத்திக்கிட்டு இருந்தா, அடுத்த மாசம் என்னை யாராவது நெஞ்சுல கட்டிக்கணும்." திரும்பி வந்தார். "மாப்பிள்ளைக்கு இருவத்தெட்டு வயசு முட்டி. அவரே நடக்கட்டும்."

தம்பியின் மனைவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு மடித்த சட்டைகளை ஒரே பிடியில் அள்ளி, மடிப்பெல்லாம் கலைய மடியில் போட்டுக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

நாலரை மணி பஸ் போயிற்று. ஐந்து மணி ஆயிற்று. குழந்தை எழுந்திருக்கும் உத்தேசத்தில் இல்லை.

"யூனிபார்மு," என்று கூப்பிட்டார் சம்பந்தியம்மா. அந்தப் பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. "மாசம் ஒரு ஞாயிறு நான் வருவேன். மாப்பிள்ளை அளவுக்குத் தைச்சது என் இடுப்புல நிக்கலை. பட்டை தோளை அறுக்குது. எனக்குன்னு ஒண்ணு தை."

"மூணு மாசத்துல அவ தவழ ஆரம்பிச்சுடுவா அத்தை. அப்புறம் இது எதுக்கு?"

"தவழறப்போ பாத்துக்கலாம். இப்ப அளவெடு."

அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். சம்பந்தியம்மா நிற்கவில்லை, நிற்க முடியாதே. அவர் பின்னாலேயே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து, தோளிலிருந்து இடுப்புவரை ஒருவழியாக அளந்தாள். இடுப்புச் சுற்றுக்குத்தான் குழந்தை நடுவில் இருந்தது.

"கொஞ்சம் மூச்சை இழுங்க அத்தை."

"இழுத்தா முழிச்சுக்கும்."

"அப்ப விடுங்க."

"விட்டாலும் முழிச்சுக்கும். நீ அளவை எடுக்கறியா, பேசிக்கிட்டே இருக்கியா?"