வா மெங் போகும் வழியில் ஒரு ஊர் குறைகிறது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை. அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில், பக்கத்து வீட்டு பிலியாவின் சமையலறையில், சாவுச் சடங்குக்காகக் கடுகுக்கீரை அரிந்துகொண்டிருந்தேன். மேசையில் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகள் காதில் விழுந்தன. எழுந்து போயிருக்கலாம். எழுதுகிறவளுக்கு அந்த நாகரிகம் ஏது?

2

முதல் தொடக்கம்: "மீகாங் ஆற்றின் மேல் பனி இறங்கிக்கொண்டி

வேண்டாம். எங்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அந்த ஆற்றில்தான் போய் இறங்குகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: பிலியாவின் கணவன் வா மெங் செவ்வாய்க்கிழமை இறந்தான். லாவோஸ் மலைகளிலிருந்து வந்த எங்கள் மொங் மக்களில் ஒருவர் செத்தால் வழிகாட்டுபவர் வந்து பாடுவார். கடைசியாக இருந்த வீட்டில் தொடங்கி, வாழ்ந்த ஊர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, உயிரைப் பின்னோக்கி அழைத்துப் போவார், பிறந்த வீட்டில் நஞ்சுக்கொடி புதைத்த இடம்வரை. அந்த நஞ்சுக்கொடிதான் உயிர் போட்டுக்கொள்ளும் சட்டை. நடுவில் ஒரு ஊர் விட்டுப்போனால் உயிர் அங்கேயே நின்றுவிடும். முன்னோரிடம் போய்ச் சேராது.

[இதை நான் நம்புகிறேனா? கீரை அரியும்வரை நம்பவில்லை.]

3

வழிகாட்டுபவர் சாய் லோ நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். இந்த வீடு, அதற்கு முன் இருந்த வாடகை வீடு, அதற்கும் முன் தாய்லாந்து முகாம், ஆறு. ஆற்றுக்கு முன்னால் எங்கே என்று கேட்டார். பிறந்த ஊரிலிருந்து நேராகக் காட்டு வழியே ஆற்றுக்கு வந்ததாகச் சொன்னாள் பிலியா. ஊரை விட்ட நாளிலிருந்து ஆற்றைக் கடந்த நாள்வரை அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் இடிக்குதே தங்கச்சி. யோசிச்சு வை. சனிக்கிழமை பாடும்போது அந்த எடத்துல நிறுத்துவேன். நீதான் வாய்விட்டுச் சொல்லணும்."

அவர் போனதும் பிலியா என் பக்கம் திரும்பினாள். ஒட்டுக்கேட்டவளுக்குத் தண்டனைபோல மிச்சத்தையும் சொன்னாள்.

அந்த இரண்டு மாதமும் அவளையும் வா மெங்கையும், போருக்குப் பிறகு எங்கள் மக்களை வேட்டையாடிய சிப்பாய்கள் ஒரு மலையூரில் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் வயிற்றில் துப்பாக்கியை வைத்து, உன் ஆட்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று வா மெங்கைக் கேட்டார்கள். அவன் பாதையைக் காட்டினான். அங்கே சுடப்பட்டவர்களில் ஒருவன் அவனுடைய சொந்தத் தம்பி தொவா. ஊருக்குச் சொன்ன கதை வேறு: தம்பியை ஆறு கொண்டுபோய்விட்டது. தொவாவின் மனைவி யேர் இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள். பிலியாவின் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள்.

அந்த ஊரின் பெயர் வாயில் வந்தாலே போதும், எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் விளங்கிவிடும். காட்டிக்கொடுக்காமல் அங்கிருந்து உயிரோடு வந்தவர் யாருமில்லை.

"சொன்னா யேர் தாங்கமாட்டா. சொல்லலைன்னா அவரு அந்தச் சிப்பாய்ங்ககிட்டயே மாட்டிக்குவாரு. மறுபடியும்" என்றாள் பிலியா.

4

கதைக்காரி செய்வதைத்தான் நானும் செய்தேன். அந்த ஊருக்கு ஒரு பொய்ப்பெயர் வைத்தேன். அப்புறம்தான் பயம் பிடித்தது. நான் வைத்த பெயரை நம்பி வா மெங், இல்லவே இல்லாத ஒரு ஊருக்கு நடந்து போனால்?

முடிவு அ: பிலியா உண்மையைச் சொல்கிறாள். யேர் அவளைக் கட்டிக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்க்கா" என்கிறாள். (படிக்க இதமாக இருக்கிறது. என் பயம் தெளிய நானே எழுதிக்கொண்டது. யேருக்கு எதுவும் தெரியாது.)

முடிவு ஆ: பிலியா வேறு ஏதோ ஊரைச் சொல்கிறாள். பாட்டு தொடர்கிறது. வா மெங் மட்டும் அங்கே, துப்பாக்கிகளுக்கு நடுவில், தன் பெயர் எப்போது

இதையும் முடிக்க முடியவில்லை.

5

சனிக்கிழமை நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கூடம் நிறைய ஆட்கள். சாய் லோவின் பாட்டு முகாமைக் கடந்து ஆற்றையும் கடந்தது. அங்கே நிறுத்திவிட்டு பிலியாவைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யேர், சில்லிட்டுப்போன பிலியாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள் யேர். "மாமா காத்துக்கிட்டு நிக்கிறாரு."

பிலியா வாயைத் திறந்தாள்.

இந்த இடத்தில் ஒரு ஊர்ப்பெயர் வர வேண்டும். அந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் பயமாக இருக்கிறது. உண்மைப் பெயரோ பொய்ப்பெயரோ, நீங்கள் சொல்லுங்கள். யேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.