ஹேல் தவறவிட்ட பந்து

பழைய கல்லூரிப் பத்திரிகையில், அந்தக் கடைசி ஆட்டத்துக்கு அடுத்த வாரம் வந்த இதழை ஸ்கேனரில் வைத்தபோதுதான் ரெபெக்கா அந்த வரியைப் பார்த்தாள். 'காய்ச்சலிலிருந்து எழுந்த ஹேல் மீண்டும் பயிற்சிக்கு வந்தார்.'

நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கல்லூரியின் நூலகத்தில் அவளுக்கு வேலை. 1912ஆம் வருடத்துக் கல்லூரிக் கூடைப்பந்து அணியைப் பற்றி இணையப் பக்கம் எழுதியவள் அவள்தான். பன்னிரண்டு ஆட்டங்களில் பதினொன்றை ஜெயித்து, கடைசி ஆட்டத்தை ஒரே புள்ளியில் கோட்டைவிட்ட அணி அது. அந்தக் காலத்தில் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எல்லாவற்றையும் அணிக்காக ஒரே ஆள்தான் எறிவார். அந்த ஆள் ஹேல். அதனால் கடைசி எறிதலைத் தவறவிட்டவர் பெயர் பத்திரிகையில் மங்கலாகத் தெரிந்ததும், யோசிக்காமல் ஹேல் என்று எழுதிவிட்டாள். இப்போது ஆட்டச் செய்தி வந்த முந்தைய இதழைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஹால். அவர் வேறு ஆள்.

போன மாதம் ஹேலின் மகள் டோரதி போன் செய்திருந்தாள். தொண்ணூற்றொரு வயது. பார்வை போய்விட்டது. பேத்தி பக்கத்தைப் படித்துக் காட்டினாளாம். "அன்று காய்ச்சலில் படுத்திருந்ததாக அப்பா சாகும்வரை சொன்னாரே, கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். ரெபெக்காவுக்கு அன்று தலைக்கு மேல் வேலை. பழைய இதழைத் திறக்காமலே, "பார்த்துவிட்டேன், பத்திரிகையில் அப்படித்தான் இருக்கிறது" என்றாள். மறுமுனையிலிருந்து, "அப்போ பொய்தான் சொல்லியிருக்கிறார், பாவம்" என்று குரல் வந்தது.

"டைப்போ தானே? ஃபிக்ஸ் பண்ணிட்டல்ல, விடு" என்றான் விஷயத்தைக் கேட்ட கணவன் சுபின்.

"செக் பண்ணாமலே பண்ணிட்டேன்னு சொன்னேன் சுபின். அது டைப்போவா?"

சனிக்கிழமை காலை, இரண்டு இதழ்களையும் அச்செடுத்துக்கொண்டு அவளே டிரைவ் பண்ணிப் போனாள்.

முதியோர் இல்லத்து ஜன்னலோரம் டோரதி உட்கார்ந்திருந்தாள். ரெபெக்கா இரண்டு செய்திகளையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். தான் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னதையும் சொன்னாள்.

டோரதி அவள் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

"நல்ல பெண் நீ. ஒரு கிழவிக்கு ஆறுதல் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்."

"ஆறுதலுக்கு இல்லை. இதில் உண்மையாகவே அப்படித்தான் இருக்கிறது."

"இருக்கட்டும், இருக்கட்டும்." கோபமே இல்லாத சிரிப்பு. "அன்று பார்த்துவிட்டுத்தானே போனில் சொன்னாய். பரவாயில்லை, நான் அப்பாவை மன்னித்துவிட்டேன்."

டோரதி அந்தத் தாள்களை வாங்கி நான்காக மடித்தாள். விரலால் தடவிப் பார்த்து, ஜன்னலில் இருந்த பூந்தொட்டியைத் தூக்கி அதனடியில் வைத்தாள். காலையில் ஊற்றிய தண்ணீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. தாளில் ஈரம் வட்டமாகப் பரவியது.